வேனில் யார் எங்கே இருப்பது

பிற்பகல் நாலு மணி இருபது. முதலில் கண்ணில் பட்டது, தென்னோலைக் கிடுகு வேலிக்கு மேலால் எங்கள் வீட்டு வளவுக்குள் இறங்கிய ஒரு பிரயாணப் பை. பச்சை நிறம். சிப் உடைந்த இடத்தில் ஊசி குத்தியிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு பை வந்தது. அதற்கும் பின்னால், நாங்கள் எல்லோரும் ராத்தா என்று கூப்பிடும் அடுத்த வளவு அக்காவின் முகம் வந்தது.

"இந்தா புள்ள, புடி. எங்கட ரெண்டு பேர்டயும் உடுப்பு. விடிய வேன் வரக்குள்ள அந்தரப்படக் கூடாதுதானே."

பைகளை வாங்கிக்கொண்டு நின்றேன். மறுநாள் விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வரவிருந்த வேனில் ஏழு பேருக்குத்தான் இடம். சாரதிக்குப் பக்கத்தில் ஒருவர், பின்னால் இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று பேர். வாப்பா, உம்மா, நான், என் கணவர், தம்பி, தங்கைகள் இருவர் என்று நாங்களே ஏழு பேர். இந்த ஏழு பேரையும் எந்தெந்த இடத்தில் இருத்துவது என்பதைத் தீர்மானிக்க எங்கள் வீட்டுக்கு ஆறு மாதம் பிடித்திருந்தது.

அது எண்பத்திரண்டாம் ஆண்டின் சித்திரை விடுமுறை. எனக்குக் கலியாணமாகி எட்டு மாதம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் அடுப்படியான குசினியை ஒட்டிய பின்னறைக்கு மாறியிருந்தார்கள். என் கணவர் மருதமுனைக்காரர். அவருடைய வீட்டில் நான்கு தறிகள் ஓடின. காலையில் சைக்கிளில் அங்கே போய் நெசவைப் பார்த்துவிட்டு பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன் திரும்பி வருவார்.

வாசலில் சைக்கிளை நிறுத்தி அவர் ஒரு தடவை செருமுவார். அது உம்மாவுக்கு. அந்தச் சத்தம் கேட்டால் உம்மா கையில் இருப்பதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். மாமியார் மருமகனின் முகத்துக்கு முன்னால் வருவதில்லை, நேருக்கு நேர் கதைப்பதுமில்லை. யாரும் போட்ட சட்டம் இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. உம்மா சமைப்பார், நான் கொண்டுபோய் வைப்பேன். திரும்பி வரும் சோற்றுப் பீங்கானைப் பார்த்து உம்மா அவரைப் படித்து வைத்திருந்தார். புளி கூடினால் சோற்றில் ஊற்றிய ஆணம் மிஞ்சும். கீரை எப்போதும் மிஞ்சாது. எட்டு மாதத்தில் அவர் கண்ட உம்மா, கதவு மறைவில் திரும்பும் ஒரு வெள்ளை முக்காட்டின் ஓரம்தான்.

பயணத்தைத் தொடக்கி வைத்தவர் சாச்சா. வாப்பாவின் தம்பி, கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்தவர், சித்திரையில் அங்கே போடப்போகும் கார்னிவலைப் பற்றி வீட்டு முன்மண்டபத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். மரணக் கிணறு, பேய் வீடு, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய ராட்டினம்.

"உச்சியில நிண்டா துறைமுகத்துக் கப்பலெல்லாம் நெருப்புப்பெட்டி மாதிரித் தெரியும்" என்றார்.

குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "பொம்புளயளும் ஏறுவாங்களா?"

மண்டபத்தில் என் கணவரும் இருந்தார். அவர் இருக்கும்போது உம்மா குரல் கொடுத்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் கதவைப் பார்த்தோம்.

"ஏறுவாங்க மதினி. சாரியும் உடுத்து முக்காடும் போட்டுக்கிட்டு ஏறுவாங்க. இறங்கக்குள்ளதான் கத்துவாங்க."

"ஏறக்குள்ள கத்தமாட்டாங்களா?"

"ஏறக்குள்ள என்னத்துக்குக் கத்துற? இறங்கக்குள்ளதான் வயிறு மேல நிண்டுரும்."

கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. உம்மா அதற்கு முன் போன தூரம் ஒரு பக்கம் மட்டக்களப்பு, மறுபக்கம் பொத்துவில். இரண்டும் கடற்கரை. அன்று இரவு சட்டி கழுவும்போது, ராட்டினம் சுற்றும் நேரத்தில் பெட்டி கவிழாதா என்று என்னிடம் கேட்டார். மறுநாளும் கேட்டார். வெள்ளாமை வெட்டு முடியட்டும், பிள்ளைகளின் விடுமுறையில் போவோம் என்று வாப்பா சொன்னதும் அதற்குப் பிறகுதான்.

வெட்டு முடியும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அந்த வாரமே வாப்பா எங்கள் தெருவில் ஒருவரிடம் வேன் பேசினார். அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை, பிறகு பதினெட்டு வளைவு ஏறிக் கண்டி, அங்கிருந்து கொழும்பு. சாச்சா வீட்டில் இரண்டு இரவு. அரிசி எவ்வளவு, தேங்காய் எவ்வளவு, வழியில் எந்த ஆற்றங்கரையில் சோறு தின்று தொழுவது என்பதெல்லாம் ஒரே நாளில் தீர்மானமாகிவிட்டது. தீராத விஷயம் ஒன்றுதான்.

"ஒரு பகல் முழுக்க மருமகனும் நானும் ஒரு வேனுக்குள்ளயா?" என்றார் உம்மா. "ஏலா. நான் வரல்ல. நீங்க போய்ட்டு வாங்க."

"அப்ப மருமகன விட்டுட்டுப் போவமா?" என்றார் வாப்பா.

"அல்லாஹ்வே! மாப்பிள்ளைய விட்டுட்டுப் போனா ஊர் என்ன கதைக்கும்?"

ஊர் அதற்கு முன்னமே கதைக்கத் தொடங்கியிருந்தது. "மாமியும் மருமகனும் ஒரே வேனில போறாங்களாமே" என்று அடுத்த வளவு ராத்தா வேலிக்கு மேலால் உம்மாவிடம் கேட்டார். "வழியில பசிச்சா என்ன புள்ள செய்வாய்? முக்காட்டுக்குள்ளயா தின்பாய்?"

தம்பிக்குப் பதினாறு வயது. அவன் முற்றத்து மணலில் ஈர்க்கினால் வேனைக் கீறினான். ஆளுக்கொரு சிப்பி. வாப்பாவுக்குப் பெரியது, தங்கைகளுக்குச் சின்னது, உம்மாவுக்கு ஒரு வெள்ளைச் சிப்பி. மச்சானுக்குக் கறுப்பு. கறுப்பை முன்னால் வைத்தால் அவர் திரும்பும் போதெல்லாம் வெள்ளை கண்ணில் படும். கறுப்பைப் பின்னால் வைத்தால் மாப்பிள்ளையைப் பின் வரிசையில் இருத்திய குற்றம். நாள்தோறும் அஸருக்குப் பிறகு சிப்பிகள் இடம் மாறின. பல நாள் வெள்ளைச் சிப்பி வேனை விட்டு இறங்கிக் குசினிப் படியில் போய் இருந்தது.

அதை ஒரு நாள் என் கணவர் கண்டுவிட்டார். தம்பியிடம் விசாரித்தார். இரண்டு நாள் கழித்துச் சைக்கிளில் ஒரு துணிச்சுருளுடன் வந்தார். அவர்களுடைய தறியில் நெய்தது. நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. வேன்காரரிடம் போய், முன் இருக்கைக்குப் பின்னால் கயிறு கட்டி, அளவு பார்த்துத் தொங்கவிட்டுத் திரும்பினார். முன்னால் அவர், திரை, திரைக்குப் பின்னால் உம்மாவும் மற்றவர்களும். வெள்ளைச் சிப்பி வேனுக்குள் ஏறியது. உம்மா துணியைத் தடவிப் பார்த்து, "நல்ல நெசவு" என்று என்னிடம் சொன்னார். நான் அதைக் கொண்டுபோய் அவரிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் செய்திகள் அப்படித்தான் போய் வந்தன. விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

பைகள் வேலிக்கு மேலால் வந்தது அதற்குப் பிறகு ஒரு வாரத்தில்.

"ராத்தா, நீங்க எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"எங்கயா? கொழும்புக்குத்தான். உனக்குத் தெரியாதா? உன்ட உம்மா தனக்கு வளைவில தல சுத்துமாம், தன்ட இடத்தில என்னயப் போகச் சொன்னா. விடிய வரைக்கும் ஆருக்கும் சொல்ல வேணாமாம். சரி, நான் மட்டும் எப்பிடிப் போறண்டு யோசிச்சிக்கிட்டு இருக்க, இந்த மனுசன் நேத்து அஸர் தொழுதுட்டு வந்து சொல்றார், உன்ட மாப்பிள்ள பள்ளியில வெச்சுத் தன்ட முன் சீற்ற இவருக்குத் தந்தாராம். அவருக்குத் தறியில வேலயாம். பாத்தியா, அல்லாஹ் சோடியாத்தான் அனுப்புறான்!"

நான் குசினிப் பக்கம் திரும்பினேன். உம்மா ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தவர், கையை மாவுக்குள்ளேயே வைத்தபடி நின்றார். ராத்தாவின் குரல் தெரு முனை வரை கேட்கக்கூடிய குரல். மண்டபத்தில் இருந்த என் கணவருக்கும் கேட்டிருந்தது. இருவருக்கும் நடுவே நான் இரண்டு பைகளுடன் நின்றேன்.

வாப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டார். தலையில் கை வைத்து வாசற்படியில் குந்தினார். "ஆறு மாசமா ஆள் இருத்துறம். இப்ப ஏற வேண்டிய ரெண்டு பேரும் இறங்கிட்டாங்க."

கொடுத்த இடத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. ராத்தாவின் கணவர், எங்களுக்குக் காக்கா, பயணத்துக்கு உடுக்கப் புதுச் சாரமும் வாங்கியிருந்தார். வாப்பாவே எழுந்து, வேன்காரரிடம் போய் ஒரு பலகை போட முடியுமா என்று கேட்டு வரச் சொல்லித் தம்பியை அனுப்பினார். முன் இருக்கைக்குப் பின்னால் பலகை போட்டால் இரண்டு பேர் குந்தலாம் என்று பதில் வந்தது. ஆனால் திரை தொங்கிய இடமும் அதுதான்.

தம்பி திரும்பவும் மணலில் உட்கார்ந்தான். வெள்ளைச் சிப்பியும் கறுப்புச் சிப்பியும் அவன் உள்ளங்கையில் இருந்தன.

என் கணவர் எழுந்து குசினிக் கதவுக்கு ஓரெட்டுத் தள்ளி வந்து நின்றார். நிலத்தைப் பார்த்தபடி, "மாமி" என்றார்.

நான் வழக்கம்போல் செய்தி கொண்டுபோக ஓரடி வைத்தேன். அவர் கையால் மறித்தார்.

"மாமி, அந்தத் திரய நான் கட்டிட்டுப் பின் சீற்றில இருந்து பாத்தன். ஒண்டுமே தெரியல்ல. ரோட்டும் தெரியல்ல, மலயும் தெரியல்ல. கொழும்பு வரைக்கும் நீங்க துணியத்தான் பாக்கணும். அதான் நான் நிக்கிறண்டு சொன்ன."

கதவு மறைவிலிருந்து உம்மா பேசினார். என்னிடம் அல்ல.

"நீங்க முன் சீற்றில பொம்ம மாதிரி, திரும்பவும் ஏலாம, சிரிக்கவும் ஏலாம ஒரு பகல் முழுக்க இருக்கணுமே. புது மாப்பிள்ள. அதான் நானும் நிக்கிறண்டு சொன்ன."

"நீங்க ஏறினாத்தான் நான் ஏறுவன் மாமி."

"நான் ஏறினா எங்க இருக்கிற?"

வேலிக்கு மேலே ராத்தாவின் முகம் இன்னும் இருந்தது. உம்மாவே சிறிது யோசித்தார் போலும்.

"மகன், அந்தப் பலக எந்தப் பக்கம் பாக்கும்?" இது தம்பிக்கு.

"முன்னுக்கு உம்மா. ரோட்டப் பாக்கும்."

"அப்ப மருமகன அதில வை. என்னயக் கடைசி வரிசையில வை. மாமி முகத்துக்கு முன்னாலதான் வரக் கூடாது. முதுகுக்குப் பின்னால வரக் கூடாதெண்டு ஆரும் சொல்லல்ல."

வேலிக்கு மேலே ராத்தா சிரித்த சிரிப்பில் கிடுகு அசைந்தது. "பாத்தியா, கள்ளி! ஆறு மாசமா இத எங்க ஒளிச்சி வெச்சிருந்தாய்?"

தம்பி பலகையில் கறுப்புச் சிப்பியையும் தனக்குரியதையும் வைத்தான். நடு வரிசையில் வாப்பா, தங்கைகள். கடைசியில் ராத்தா, நான், ஓரத்துச் சன்னலில் வெள்ளைச் சிப்பி. முன்னால் காக்கா. திரை கழற்றப்பட்டது.

மறுநாள் விடிய ஐந்தரைக்கு வேன் கிளம்பியது. அம்பாறை தாண்டும்வரை எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். காட்டு வழியில் என் கணவர் தம்பியிடம் எதையோ சொல்லிச் சிரித்தார், அவருடைய தோள் குலுங்கியது. உம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகியங்கனைக்குக் கிட்ட ஆற்றங்கரையில் நீலத் துணியை விரித்து ரொட்டியும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் வைத்தோம். ஆண்கள் தின்றுவிட்டு எழுந்த பிறகு பெண்கள் இருந்தோம். பீங்கான்களை எடுக்கும்போது உம்மா மருமகனுடையதைப் பார்த்து, "சம்பல் முடிஞ்சிருக்கி" என்றார்.

பதினெட்டு வளைவில் தலை சுற்றியது காக்காவுக்கு. உம்மாவுக்கு அல்ல. கண்டிக்கு அப்பால் ஒரு கடையில் தேநீருக்கு நிறுத்தினோம். உம்மா இறங்கவில்லை. என் கணவர் ஒரு கோப்பையுடன் வேனின் பின்பக்கம் வந்து, மறுபக்கம் பார்த்தபடி சன்னலுக்குள் நீட்டினார். உம்மா வாங்கினார். நான் நடுவில் இருக்கவில்லை, கடைக்குள் இருந்தேன்.

மறுநாள் அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு சாச்சா எங்களைக் கார்னிவலுக்குக் கூட்டிப்போனார். ராட்டினம் நாங்கள் நினைத்ததை விடப் பெரியது, சத்தமும் பெரியது. ராத்தா அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழேயே நிற்பதாகச் சொன்னார். காக்காவும் வாப்பாவும் தங்கைகளுடன் கடலை வாங்கப் போனார்கள். உம்மா சாரித் தலைப்பைத் தலையில் இறுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். டிக்கட் வாங்கி வந்தவர் என் கணவர். ஒரு பெட்டிக்கு நான்கு பேர் கட்டாயம், குறைவாக ஏற்றமாட்டோம் என்றார் வாசலில் நின்றவர். தம்பி ஏறினான், நான் ஏறினேன், உம்மா ஏறினார், கடைசியாக அவர் ஏறினார். கம்பி பூட்டப்பட்டது.

பெட்டிக்குள் இருக்கைகள் எதிரெதிராக இருந்தன.