பதில் வேண்டாத கேள்வி

பல நேர்காணல்களில் நான் தோற்றபின், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்று மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட என்னை அழைத்தது. கடைசி பெஞ்சில் தேர்வுக் குழுவினர், முன்னால் இலக்கிய மாணவிகள். தொடக்ககால அமெரிக்காவின் பியூரிட்டன் என்னும் கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவின் போதகர்கள் பிரசங்கத்தில் கேள்வி கேட்டே ஜனங்களை நடுங்க வைத்ததை நான் விளக்க வேண்டும். நடித்தே காட்டினேன்.

“வெள்ளம் கழுத்தளவு வந்துவிட்டது! இனி உன்னைக் காப்பாற்ற யார் வருவார்?”

ஒரு மாணவி எழுந்தாள். “எங்க தெரு அண்ணாச்சி வந்தாவ, சார்.”

வகுப்பு சிரித்தது. குழுத் தலைவர் பேனாவை மூடினார்.

“அது பதில் எதிர்பார்க்காத கேள்விம்மா. உக்காரு.”

அவள் உட்காரவில்லை. “சீவலப்பேரியில எங்க வீட்டுக்குள்ள ஆத்துத் தண்ணி வந்துட்டு, சார். அண்ணாச்சிதான் எங்களப் பள்ளிக்கூட மாடியில ஏத்திவிட்டுட்டு, அடுத்த வீட்டு ஆச்சியக் கூட்டப் போனாவ. திரும்பி வரல.”

சிரிப்பு நின்றது. சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

“அந்த அண்ணாச்சி பேர் என்னம்மா?”

சொன்னாள்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. இன்று வேறொரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே சற்று நேரம் நிற்கிறேன்.