நான் நிற்காத ஜாமீன்

தம்பியை அமெரிக்காவில் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் நான் முதலில் தேடியது நிலத்தின் தீர்வை ரசீதை. அவன் எப்படி இருக்கிறான், சாப்பிட்டானா என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்குச் சிரித்தவள் என் மனைவி மட்டும்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. சுற்றிப் பார்க்கிற விசாவில் போனவன், விசா முடிந்தும் திரும்பாமல் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்திருக்கிறான். குடியேற்றத் துறைக்காரர்கள் கொண்டுபோய்த் தடுப்புக் காவலில் வைத்துவிட்டார்கள். பாண்ட் கட்டினால் வெளியே விடுவார்களாம், வழக்கு அதுபாட்டுக்கு நடக்குமாம். தகவல் சொன்னவர் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த அண்ணாச்சி. அவருடைய மருமகன் அமெரிக்காவிலேயே குடியுரிமை வாங்கி இருந்தார். தம்பி காவலிலிருந்து அவருக்குத்தான் போன் போட்டிருக்கிறான்.

பாண்ட் என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் கோர்ட்டு ஜாமீன்தான். இரண்டு பேர் ரேஷன் கார்டும் தீர்வை ரசீதுமாகப் போய் நிற்க வேண்டும். ஆள் வாய்தாவுக்கு வராவிட்டால் நின்றவன் கழுத்தில் துண்டு விழும். என் தம்பியோ ஓடுவதில் பேர் எடுத்தவன். பாலிடெக்னிக் ஹாஸ்டலிலிருந்து ஓடினான். கணக்கு எழுதுகிற வேலையிலிருந்து ஓடினான். விளாத்திகுளத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில், காபி வருவதற்குள் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். அவன் காபியையும் நான்தான் குடித்தேன்.

இருந்தாலும் கூடப் பிறந்தவன். ஓட்டப்பிடாரம் பக்கம் இருந்த நாலு ஏக்கர் கரிசலுக்குச் சொத்து மதிப்புச் சான்று கேட்டு வி.ஏ.ஓ.விடம் போனேன்.

"எந்தக் கோர்ட்டுக்கு?"

"அமெரிக்கா கோர்ட்டுக்கு."

பேனாவைக் கீழே வைத்தார். "நிலத்த நேர்ல வந்து பாப்பாவளாண்ணே? மழைக்குப் பொறவு வந்தா கார் உள்ள எறங்காது, இப்பவே சொல்லிருங்க."

"பயிர் என்னன்னு எழுதுவீய?"

"மிளகாய்னு எழுதுதேன், கெத்தா இருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "தம்பி ஓடிட்டாவன்னா பட்டாவ அமெரிக்கா பேருக்கு மாத்தணுமே. தகப்பனார் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல என்னத்த எழுத?"

விளையாட்டுக்குக் கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு வந்து, அமெரிக்க ஜெயிலில் அரிசிச் சோறு போடுவார்களா என்று மனைவியிடம் கேட்டேன்.

"யாருக்கு, ஒங்க தம்பிக்கா?"

"எனக்கு."

மறுநாள் காலையில் தீப்பெட்டி ஆபீசுக்கு மருமகனின் போன் வந்தது. அண்ணாச்சி ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். மருமகன் பொறுமையாக விளக்கினார். நிலமும் வேண்டாம், ஜாமீன்தாரும் வேண்டாம். ஜட்ஜ் சொல்கிற தொகையை முழுசாகக் கட்ட வேண்டும். கட்டுகிற ஆள் அந்த நாட்டில் முறையாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். தம்பி எல்லா விசாரணைக்கும் வந்து, தீர்ப்புப்படி நடந்துகொண்டால், வழக்கு தோற்றாலும் பணம் கட்டியவருக்கே திரும்பிவிடும். ஆள் வராமல் போனால் பணம் போச்சு.

எனக்கு எந்தச் சேதமும் இல்லை என்று தெரிந்ததும் உடம்பு பஞ்சாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார்.

"நான் கட்டுதேங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவன் ஓட மாட்டான்லா?"

இதற்கு நிலத்தையே எழுதிக் கொடுத்திருக்கலாம். உண்மையைச் சொன்னால் தம்பி உள்ளேயே கிடப்பான். பொய்யைச் சொன்னால் ஒரு நல்ல மனிதரின் காசு போய்விடும். அண்ணாச்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட மாட்டான்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

தம்பி வெளியே வந்தான். ஒன்றரை வருஷம் வழக்கு நடந்தது. விசாரணை அவனுக்கு அங்கே, ஆஜர் நான் இங்கே. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மறுநாள் காலையில் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன். எப்போதும்வென்றான் கிராமத்தில் மச்சினன் வீட்டுக் கல்யாணம் அப்படி ஒரு நாளில் விழுந்தது. போகவில்லை. மச்சினன் இரண்டு வருஷம் பேசவில்லை. அண்ணாச்சி போனை வைத்துவிட்டு, "வந்துட்டானாம். நீரு போய்ட்டு அடுத்த வாய்தாவுக்கு வாரும்" என்பார், ஜட்ஜ் மாதிரியே.

கடைசியில் வழக்கு தோற்றது. தானாகவே கிளம்பிவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டு, சொன்ன தேதிக்குள் தம்பி ஊர் வந்து சேர்ந்தான். மருமகனுக்குப் பணமும் வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏலே, ஒரு வாய்தாகூடத் தப்பலையே! அண்ணன் குடுத்த வாக்க நெனச்சுத்தான?"

"என்ன வாக்கு? வாய்தாவுக்கு மொத நாளே அண்ணாச்சி மருமவன் வந்து அவிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ. என் ஷூவ வாங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டிருவாவ. மறுநாள் கோர்ட்டு வாசல்லதான் திருப்பித் தருவாவ. வெளிய பனி, வெறுங்கால்ல எங்கன ஓட?"

"அப்பிடி என்ன சந்தேகம் அவியளுக்கு?"

தம்பி ரசத்தை ஊற்றிப் பிசைந்தான். "மொதல்ல ஒண்ணும் இல்லையாம். ஓட மாட்டான்னு நீ போன்ல சொன்னேல்லா, அந்தக் குரலக் கேட்ட பொறவுதான் சந்தேகமே வந்துச்சாம்."