மேசைக்கு இந்தப் பக்கம்

லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யேசுரட்ணம் என்று கேட்டால் பலருக்கு ஆள் தெரியாது. பெரிய பங்களா அப்பு என்றால் உடனே கை காட்டுவார்கள். தோட்டத்தை நடத்தும் துரைக்குச் சமைப்பதும் அவர்தான், சமைத்ததை மேசைக்குக் கொண்டுபோய்ப் பரிமாறுவதும் அவர்தான். வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் அவர் கையால் சாப்பிட்டார்கள். அரசாங்கம் தோட்டங்களை எடுத்த பிறகு வந்த சிங்களத் துரையும் அவர் கையால்தான் சாப்பிட்டார். நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. பின்னால் வந்து நின்று மெல்லத் தொண்டையைச் செருமுவார், அப்போதுதான் ஆள் இருப்பது தெரியும். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் அவருக்குப் பூனை அப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு போவார்.

அவருடைய மகள் சுகிர்தத்தை எனக்குப் பேசிக்கொண்டு எழுபத்தெட்டாம் ஆண்டு தொடக்கத்தில் கோயில் உபதேசியார் செபமாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அடுத்த டிவிசனில் கணக்கப்பிள்ளை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சம்மதம்தான். அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை.

"குசினிக்காரன் வீட்டுப் பொண்ணா? நாளைக்குச் சம்பந்தின்னு வந்தா அந்தாளு நம்ம வீட்லயும் குசினி வாசல்ல போயில்ல நிப்பாரு" என்றாள்.

லயத்தில் ஒரு காம்பராவில் பேசியது அடுத்த காம்பராவுக்குக் கேட்க எவ்வளவு நேரம் எடுக்கும்? யேசுரட்ணத்தின் காதுக்குப் போய்விட்டது. அவர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது என் பின்னால் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, வார வியாழக்கெழம தொர கொழும்புக்குப் போறாரு. திங்கக்கெழமதான் வருவாரு. சனிக்கெழம நாங்க கண்டிக்குப் போறோம். நீங்களும் வாங்க. சும்மா ஊரு பாக்கத்தான். மத்தியானம் ஓட்டல்ல சாப்பாடு." கொஞ்சம் நிறுத்தினார். "மேசையில."

எதற்காகக் கூப்பிடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. அவர் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து எங்கள் வீட்டில் சொல்ல வேண்டும்.

தலவாக்கலையில் ரயில் ஏறினோம். அவர் மண்ணிறக் கோட்டு போட்டிருந்தார். அவர் மனைவி சிசிலியம்மா கொழுந்துக் கறை படிந்த விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் இருந்தார். என்னோடு பேசக் கூச்சப்படாதவள் சுகிர்தம் ஒருத்திதான்.

"ஒரு வாரமா எங்க வீட்ல பெரட்டு மாதிரி தெனம் பயிற்சிதான். பலகைய மேசைன்னு போட்டு, அகப்பைக்காம்ப முள்ளுக்கரண்டின்னு வச்சி அம்மாவுக்குப் பாடம்."

"சோறு திங்க இம்புட்டுப் படிப்பான்னு ஒரு வார்த்த கேட்டேன்" என்றார் சிசிலியம்மா. "மூணு நாளு மூஞ்சியத் தூக்கிக்கிட்டாரு."

"முதுக நேரா வச்சிக்கிட்டா போதும்னுதானே சொன்னேன்" என்றார் அவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

பேராதனைச் சந்தியில் வண்டி மாறிக் கண்டியில் இறங்கியதும் அவர் வேறு ஆள் ஆகிவிட்டார். முன்னால் நடந்தார். அவர் காலடிச் சத்தம் கேட்டது. குளத்தைச் சுற்றியிருந்த அலைமதிலைக் காட்டி, கடைசி ராஜா கட்டியது என்றார். தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் கட்டடத்தைக் காட்டி, ராணிமார் குளித்த இடம் என்றார். துரைமார் தங்கள் விருந்தாளிகளுக்குச் சொன்னதையெல்லாம் மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டு வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அவர் கண்டிக்கு வந்தது அதுதான் இரண்டாம் தடவை.

புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை வாசலில் செருப்பைக் கழற்றும்போது சிசிலியம்மா தயங்கினார். "நம்ம சாமி கோவிச்சிக்காதா?"

"பாக்கத்தான் போறோம். மரியாதையா இரு. போதும்."

உள்ளே தாமரைப்பூ வாசமும் எண்ணெய் வாசமும் கலந்திருந்தன. வெள்ளை உடுத்த கிழவிகள் தரையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்த பிறகு அந்தோனியார் கோயிலுக்குப் போனோம். அங்கே சிசிலியம்மா வழக்கத்தைவிட அதிக நேரம் முழந்தாளில் இருந்தார், விட்டுப்போன பாக்கியைக் கட்டுகிறவர் மாதிரி. சுகிர்தம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நாளில் நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

குளத்தைப் பார்த்த மாடியில் ஹோட்டல். வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள். சிவப்பு இடுப்புப் பட்டி கட்டிய பரிமாறுபவர் ஒருவர் வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார். யேசுரட்ணம் ஆங்கிலத்தில் சாப்பாடு சொன்னார். சூப், மீன், சோறு கறி, கடைசியில் புட்டிங். அந்த மனிதரின் முகம் மாறியது, தலையை ஆட்டிக்கொண்டு போனார். யேசுரட்ணம் மடித்திருந்த வெள்ளைத் துணியை உதறி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் உதறிப் போட்டுக்கொண்டேன்.

சூப் வந்தது. பரிமாறுபவர் இடது பக்கம் வந்து வைத்தபோது யேசுரட்ணத்தின் தோள் கொஞ்சம் ஒதுங்கியது. தனக்கு ஒருவர் பரிமாறும்போது எப்படி இருப்பது என்று அந்த உடம்புக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கரண்டியை எடுத்தார்.

"சத்தம் போடாமக் குடி" என்று மனைவிக்கு மெதுவாகச் சொன்னார்.

அப்போது படியில் ஆட்கள் ஏறி வரும் பேச்சுச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு நோனா வந்தாள், பிறகு இரண்டு பிள்ளைகள், பிறகு விருந்தாளிகள் போல ஒரு தம்பதி. கடைசியாக, அந்த நோனாவின் கணவர், எங்கள் துரை. கொழும்பிலிருந்து இரண்டு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டார்.

எங்கள் மேசையைத் தாண்டும்போது துரை நின்றார். "ஆ, ரட்ணம். நீயும் இங்கதானா? நல்லது, நல்லது. சாப்பிடு." உண்மையான சந்தோசத்தோடுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்துகொண்டார்.

யேசுரட்ணம் எழுந்து நின்றிருந்தார். துரை உட்கார்ந்த பிறகும் அவர் உட்காரவில்லை.

"உக்காருங்க" என்றார் சிசிலியம்மா.

"இரு."

"தொரதான் சாப்பிடச் சொல்லிட்டுப் போறாருல்ல. உக்காருங்கப்பா" என்றாள் சுகிர்தம்.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மடியில் கிடந்த வெள்ளைத் துணி எப்போது அவர் இடது முழங்கைக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அது அங்கே மடிந்து தொங்கியது.

ஜன்னலோர மேசையில் சின்னப் பிள்ளை தண்ணீர் கேட்டது. நோனா கையைத் தூக்கினாள். பரிமாறுபவர் அந்த நேரம் உள்ளே போயிருந்தார். யேசுரட்ணம் போய்விட்டார். சத்தமே இல்லாமல் போனார். சுவரோரம் இருந்த தண்ணீர்க் கூசாவை எடுத்து, பிள்ளையின் கிளாசில் ஊற்றி, நோனாவின் கிளாசில் ஊற்றி, விருந்தாளிகளுக்கும் ஊற்றினார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. துரை பேச்சை நிறுத்தாமல் கிளாசை அவர் பக்கம் தள்ளினார். பிறகு அவர் அங்கேயே நோனாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

உள்ளேயிருந்து வந்த பரிமாறுபவர் அவரைப் பார்த்துத் திகைத்தார். சிங்களத்தில் ஏதோ கேலியாகச் சொல்லி, கையிலிருந்த மீன் தட்டை அவரிடமே கொடுத்தார். யேசுரட்ணம் அதை வாங்கிக்கொண்டார்.

எங்கள் மேசையில் நாலு சூப்பும் ஆறின. சிசிலியம்மா கரண்டியை நேராக வைத்துவிட்டு முதுகை நேராக்கி உட்கார்ந்திருந்தார். சுகிர்தம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. அவரைக் கூப்பிடலாமா, போய்க் கையைப் பிடித்து அழைத்து வரலாமா என்று யோசித்தேன். எழுந்திருக்கவில்லை. விரிப்பில் சூப் சிந்திய ஒரு துளி மெல்லப் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் சாப்பிட்டு முடிக்கிற வேளையில் துரைக்குத் திடீரென்று விளங்கியது போலிருந்தது. திரும்பிப் பார்த்து, "அடே, நீ இன்னும் சாப்பிடல்லையா?" என்றார். பிறகு வேறேதோ நினைவு வந்தது. "ரட்ணம், ராவைக்கு இவங்க எல்லாம் நம்ம பங்களாவுல. டின்னர் வேணும். நீ நம்ம கார்லயே வந்திரு."

"சரிங்க தொர."

"ஒன்னோட ஆளுங்க ரயில்ல வரும்தானே?"

"வரும் தொர" என்றார் அவர்.

எங்கள் மேசைக்கு வந்தார். மடித்த நோட்டுகளைச் சிசிலியம்மாவின் கைக்குள் வைத்தார். "புட்டிங் வரும். விட்டுறாதீங்க, நல்லாருக்கும். மெதுவாச் சாப்பிட்டு வாங்க." என் பக்கம் பார்க்கவில்லை. வாசல் வழியாகப் போகவும் இல்லை. குசினிப் பக்கத்துக் கதவால் போனார்.

மாடியிலிருந்து பார்த்தோம். காரின் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து, ஒரு தொப்பிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க அத்தை சொன்னது சரிதான்" என்றாள் சுகிர்தம் என்னிடம். "போய்ச் சொல்லுங்க. குசினிக்காரன் பொண்ணுதான்."

"வாய மூடு" என்றார் சிசிலியம்மா. அவர் குரல் உயரவில்லை. "என்ன கண்டுட்ட நீ? கொழுந்து மலையிலருந்து நான் எறங்கி வந்தா எனக்கு யாரு சோறு போடுறா? அவரு போட்டுத்தான் நான் தின்னிருக்கேன், கட்டிக்கிட்ட நாள்லருந்து. லயத்துல எந்தப் பொம்பளைக்கு அது இருக்கு, சொல்லு பாப்போம்." பிறகு என்னைப் பார்த்துவிட்டு, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவர் போலச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

புட்டிங் நாலு வந்தது. சிசிலியம்மா தன்னுடையதைச் சாப்பிட்டார், கணவருடையதையும் சாப்பிட்டார். நாங்கள் தொடவில்லை.

வீட்டில் கேட்டார்கள். ஊர் நன்றாக இருந்தது என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. ஆனால் காரில் வந்திறங்கிய அவரைப் பங்களாவில் பார்த்தவர்கள் பலர். மிச்சத்தை அவர்களே கூட்டிச் சேர்த்துக்கொண்டார்கள். அத்தை என் முன்னால் எதுவும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் அவளுக்கு இருக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன் வாசலால் வந்தார். அப்பா வேலைக்காட்டில் இருந்தார். அம்மா நாற்காலி போட்டதும் அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததை நாங்கள் பார்த்தோமா என்று பார்த்தார். கிளாசில் வந்த தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒங்களுக்கு வேணான்னு பட்டா சொல்லிருங்க. நான் உபதேசியார்கிட்டப் பேசிக்கிறேன். புள்ளைக்கு வேற எடம் பாத்துக்குவேன். குத்தமா நெனைக்க மாட்டேன்."

என் வாய் எப்போதும் பிந்தித்தான் திறக்கும்.

அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேணுமின்னா, அதுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போவணும். கல்யாணப் பந்தியில நான் பரிமாற மாட்டேன். யாரு வந்தாலும் சரி, தொரயே வந்தாலும் சரி. என்னைய எங்கயாச்சும் ஒரு எடத்துல உக்காத்தி வச்சிருங்க. கிட்டத்துல தண்ணிக் கூசா, தட்டு, ஒண்ணையும் வச்சிறாதீங்க. கண்ணுல பட்டா கை போயிரும் தம்பி. அது என் கையில இல்ல."

"சரிங்க மாமா" என்றேன்.

அவர் உடனே நிமிரவில்லை. மிச்சத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். வெறும் கிளாசைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அதைக் கழுவி வைக்க இடம் தேடுகிறவர் போலக் குசினிப் பக்கம் பார்த்தார். அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கொடுத்தார்.