பெனியன் இல்லாமல் ஓடிய காலை

திருமணம் முடிந்து என் கணவர் கனடாவுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வெக்ஸ்போர்ட்டில் என் அண்ணாவின் குடும்பத்தோடு ஒரே அப்பாட்மென்ரில் இருந்தோம். கூடத்தில் எந்நேரமும் யாராவது இருப்பார்கள். நாங்கள் இருவரும் விருந்தினரைப் போல அளந்துதான் பேசிக்கொள்வோம். வேலைக்கு முன் நான் ஓடப்போகும் காலைநேரம் மட்டுமே எங்களுக்கென்று கிடைக்கக்கூடியது. "நானும் வாறன்" என்று அவராகவே சொன்னபோது என் மகிழ்ச்சியை மறைக்கக் குனிந்து சப்பாத்துக் கட்டினேன்.

முதல் நாள் அண்ணாதான் அவருக்கு உடுப்பெடுத்துக் கொடுத்தார். "கனடாக் குளிர் எலும்புக்குள்ளை இறங்கும் மச்சான், இதையும் போடும்." இரண்டு பருத்திப் பெனியன், கம்பளிச் சுவெற்றர், முழங்கால்வரை நீண்ட தடித்த ஜக்கெற். பாதி வழியிலேயே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. மூச்சு வாங்க நின்றதும், நனைந்த பெனியன் முதுகில் குளிர்ந்து பற்கள் அடிக்கத் தொடங்கின.

"ஒண்டுமில்லை" என்றார். மறுநாள் போர்வையை விலக்காமலே, "நீர் போயிட்டு வாரும். எனக்கு உந்தக் குளிர் சரிவராது" என்றார்.

தனியே ஓடினேன். நன்றாக ஓடினேன் என்று சொல்ல முடியாது.

நான் படித்தது இயந்திரவியல். அவரைத் தோற்கடித்தது குளிரல்ல, வியர்வை. உடம்போடு ஒட்ட ஈரத்தைப் பிடித்துவைக்காத மெல்லிய பொலியெஸ்ரர், அதன்மேல் சூட்டைக் காக்கும் ஃபிளீஸ், வெளியே காற்றை மறிக்கும் ஜக்கெற். தொப்பி, கையுறை. எல்லாவற்றையும் வாங்கிவந்து கட்டிலில் வரிசையாக வைத்தேன்.

"இதுக்குள்ளை பெனியன் போடுறேல்லையோ?"

"இல்லை. பருத்தி நனைஞ்சால் லேசிலை காயாது."

"பெனியன் இல்லாட்டி வெறும் மேலோடை போறமாதிரிக் கிடக்கும்."

"ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். இப்ப உமக்கும் தெரியும்."

நான் சிரித்த சத்தத்துக்கு அண்ணி கூடத்திலிருந்து, "அங்கை என்ன பகிடி?" என்று கேட்டார். இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

மறுநாள் காலை கட்டட வாசலிலேயே அவர் தோளைக் குறுக்கினார். "இப்பவே குளிருதப்பா."

"குளிரோணும். வெளிக்கிடேக்கையே சுகமாயிருந்தால் கனக்கப் போட்டிட்டம் எண்டு அர்த்தம். ஓடுங்கோ, சரியாயிடும்."

என் முகத்தை ஒருகணம் பார்த்தார். பிறகு ஓடத் தொடங்கினார்.

நான் வழமையாகத் திரும்பும் சந்தியில் நின்றோம். அவர் நடுங்கவில்லை. ஜக்கெற்றின் கழுத்துச் சிப்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, "அங்காலை என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு பார்க்."

"அதையும் பாத்திட்டுப் போவம். வீட்டை போனால் கதைக்கேலாது."

அங்கிருந்து நான் வேகத்தைக் குறைத்தேன். விரைவாக ஓடினாலும் கதைக்க முடியாது.