கொல்லிமலையிலேயே திடமான பிள்ளைகள்

எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் கொல்லிமலையிலேயே திடமானவர்கள் என்று ஒரு வருஷம் சர்க்காரே ஒப்புக்கொண்டது. அந்தப் பெருமையை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் என் மாமன், அம்மாவின் அண்ணன். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம். எனக்கு எட்டு வயதிருக்கும். தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

மாமன் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கி, சேந்தமங்கலம் சந்தைக்குப் போய்வருகிறவர். மலையைவிட்டு இறங்காமலே கிழவர்களாகிப் போனவர்கள் எங்கள் வளப்பூர் நாட்டில் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள். ஆகவே கீழ்நாட்டு விஷயம் எதுவானாலும் மாமன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவரும் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்வார். அந்தத் திறமை எல்லோருக்கும் வாய்க்காது.

எங்கள் பள்ளிக்கூடம் ஊர் மந்தையை ஒட்டி, புல் வேய்ந்த ஒரு கொட்டகை. அதை எங்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. காட்டிலாகாக்காரர்கள் எல்லையில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பலகையைத் தாண்டி மேயப்போன மாடுகளையெல்லாம் பிடித்துக்கொண்டு போய்ப் பட்டியில் அடைத்த பிறகுதான், ஊருக்குள் எழுத்துத் தெரிந்தவன் ஒருவனாவது வேண்டும் என்று பெரியவர்களுக்குப் பட்டது. நடையாய் நடந்து பள்ளிக்கூடம் வாங்கினார்கள். வாத்தியார் அடிவாரத்து ஊர்க்காரர். திங்கட்கிழமை ஏறி வருவார், வெள்ளிக்கிழமை இறங்கிப் போவார். எங்கள் ஊர்க் காய்ச்சல் அவரையும் விட்டுவைக்கவில்லை. பாதி நாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் பாடம் சொல்லித் தந்தார்.

ஒரு தை மாதம் அவர் மேலேறி வந்ததும் ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். பட்டணத்தில் சட்டசபையில் சட்டம் போட்டிருக்கிறார்கள்; பள்ளிக்கூடம் இருக்கிற ஊருக்கெல்லாம் டாக்டர் வந்து பிள்ளைகளின் உடம்பைச் சோதிக்க வேண்டும்; மாசி மாதம் நமக்கு முறை. சோதித்து என்ன செய்வார்கள் என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். அது வாத்தியாருக்கே தெரியவில்லை. "சோதிப்பாங்க, அவ்வளவுதான்" என்றார்.

சர்க்கார் ஆள் வந்து சோதிப்பது எப்படிப்பட்டது என்று எங்கள் ஊருக்கு நன்றாகவே தெரியும். அதற்கு முன்னால் ஒரு தடவை மாட்டுக்கு நோய் கண்டபோது ஓர் அதிகாரி வந்து பார்த்தார். எங்கள் ஆட்கள் வெள்ளந்தியாக, சீக்கான மாடுகளையெல்லாம் ஓட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தினார்கள். அவர் மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. ஊர் மாடு ஒன்றுகூடச் சந்தைக்கு இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அந்த வருஷம் முழுக்க ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆகவே, பிள்ளைகளுக்கு நோய் என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் போவார்கள் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மந்தையில் கூட்டம் கூடியது. மாமன் எழுந்தார்.

"சந்தையில மாடு புடிக்கறவன் என்னங்க பண்ணுவான்? பல்லைப் பாப்பான், வயித்தைத் தடவுவான். ஒரு நோஞ்சான் கண்ணுல பட்டுச்சுன்னா, பட்டியே இப்பிடித்தான்னு போயிருவான். நம்ம நோஞ்சானுகளை நாமளே எதுக்குங்க முன்னால நிறுத்தோணும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். யோசனையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, மாடு விற்பதாக இருந்தால்.

பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் நோஞ்சான்கள்தான். எங்கள் ஊர் பள்ளத்தில், நெல் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. முறைக்காய்ச்சல் எங்களோடு கூடப் பிறந்தது. தம்பிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வரும். பல் கிட்டிக்கும், போர்வைக்கு மேல் போர்வை போட்டாலும் அடங்காது. மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓணான் பிடிக்கப் போய்விடுவான். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஒரு கட்டி. அதைத் தொட்டுப் பார்க்க என்னை மட்டும்தான் விடுவான்.

மாமி பிறந்த ஊர் மேட்டில் இருந்தது. அங்கே வயலும் கிடையாது, காய்ச்சலும் அவ்வளவாகக் கிடையாது. பள்ளிக்கூடமும் கிடையாது. அங்கேயிருந்து பிள்ளைகளை இரவல் வாங்கி எங்கள் ஊர் நோஞ்சான்களின் இடத்தில் உட்காரவைப்பது என்று ஏற்பாடு. டாக்டர் எந்தப் பிள்ளையைக் கண்டார், எந்தப் பேரைக் கண்டார்?

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமனிடம் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, டாக்டர்தானே வராரு? இவனை ஒருக்கா காட்டுனா என்னங்க?"

"காட்டலாங்கண்ணு. பள்ளிக்கூடம் போயிருச்சுன்னா ஊருக்கு யாரு பதில் சொல்றது? அவரு போறப்ப நானே இவனைத் தூக்கிட்டு வழியில போயித் தனியாக் காட்டறேன். நீ வெசனப்படாதே."

அண்ணன் சொல்லைத் தட்டி அம்மாவுக்குப் பழக்கமில்லை.

டாக்டர் ஆட்கள் தோளில் சுமந்துவந்த டோலியில் வந்து இறங்கினார். கூட ஒரு கம்பவுண்டர். தம்பியும் மற்ற நோஞ்சான்களும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பலாத்தோப்பில் சத்தமில்லாமல் உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். தம்பிக்கு இருந்த ஒரே சட்டை, மேட்டு ஊர்ப் பையன் ஒருவன் உடம்பில் பித்தான் போட முடியாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டே பேர்களை வாசித்தார். ஊர்ச் சோற்றையும் பாலையும் நம்பி மலைமேல் இருக்கிறவர் வேறு என்ன செய்வார்? தம்பியின் பேர் வந்ததும் அந்தப் பையன், "உள்ளேனுங்க ஐயா" என்று தோப்புவரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

டாக்டர் ஒவ்வொரு பிள்ளையாகப் படுக்கவைத்து விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். இந்தப் பையன் வயிற்றில் கை பட்டதும் கெக்கெக்கே என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டான். நிறுத்தவே முடியவில்லை. டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடா சாப்பிடறே?"

"சாமைச் சோறுங்க, பலாப்பழமுங்க."

"சட்டை பத்தலையேடா உனக்கு!" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி, ஒரு மிட்டாயும் கொடுத்தார். இந்த மலையில் இத்தனை திடமான பிள்ளைகளை வேறெங்கும் பார்க்கவில்லை என்று ஊர்க்கவுண்டரிடம் சொன்னார். ஊர்க்கவுண்டர் தானே வளர்த்த மாதிரி நெளிந்தார்.

டோலி கிளம்பியது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தோப்பிலிருந்து வந்து மாமன் முகத்தைப் பார்த்தாள். மாமன் டோலிக்குப் பின்னாலேயே கொஞ்சதூரம் போனார். அப்புறம் நின்றார். இந்தப் பிள்ளை யார் என்று டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? அதை அவர் யோசித்திருக்கவில்லை. ஊரே பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. டோலி வளைவில் மறைகிறவரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

தம்பிக்கு அதெல்லாம் கவலையில்லை. அவன் கவலை மிட்டாயைப் பற்றி. "எம்பேரைச் சொல்லித்தானே குடுத்தாங்க? அப்ப அது எனக்குத்தானே?" என்று சாயங்காலம் வரைக்கும் அழுதான். மேட்டு ஊர்ப் பையன் எப்போதோ தின்றுவிட்டு, சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அன்று ராத்திரி ஊரில் கிடா வெட்டிச் சாப்பிட்டார்கள்.

வைகாசியில் கூலியாட்கள் சிலர் தகரப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு எங்கள் ஊர் வழியாக வந்தார்கள். மந்தையில் இறக்கிவைத்துத் தண்ணீர் கேட்டார்கள். நாங்கள் பெட்டிகளைச் சுற்றி நின்றோம். உள்ளே என்ன என்று மாமன் கேட்டார்.

"காய்ச்சலுக்குக் குடுக்கற கொயினா மாத்திரைங்க. அரியூர் நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவுது. டாக்டரு பாத்துட்டுப் போனாருல்லீங்க, எந்தெந்த ஊருல காய்ச்சக் கட்டி நெறைய இருக்குதோ அந்த ஊருக்கெல்லாம் அனுப்பறாங்க."

"எங்க ஊருக்குங்க?"

"உங்க ஊருலதான் நோயே இல்லீங்களாமே. கீழ எல்லாரும் அதையேதான் பேசிக்கறாங்க."

தண்ணீர் குடித்துவிட்டு அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே மறுபடியும் கூட்டம். போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார் என் அப்பா. சர்க்காரை ஏமாற்றினோம் என்று நாமே போய்ச் சொன்னால் சிறைக்குத்தான் அனுப்புவார்கள் என்றார் ஊர்க்கவுண்டர். வாத்தியாருக்கும் வேலை போகும், பள்ளிக்கூடமும் போகும். பேசிப் பேசிக் கடைசியில் ஒன்றும் செய்வதில்லை என்று முடிவானது.

மாமன் மட்டும் அரியூர் நாட்டுக்கு நடந்துபோய், அந்த வாத்தியாரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கை மாத்திரை வாங்கிவந்தார். தம்பிக்கு அதைக் கொடுத்தபோது காய்ச்சல் நின்றது. கட்டிகூடக் கரைந்த மாதிரி இருந்தது. மாத்திரை தீர்ந்ததும் குளிர் திரும்பி வந்தது. மறுபடி போனார். தங்கள் பிள்ளைகளுக்கே போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

ஐப்பசி மழையில் தம்பி செத்துப்போனான். அதைப்பற்றி எனக்கு இன்றைக்கும் அதிகம் சொல்ல வராது. பக்கத்தில் படுத்திருந்தவன் எழுந்திருக்கவில்லை. நான் இன்னும் தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாசியில் டாக்டர் திரும்ப வந்தார். இந்தத் தடவை யாரும் கூட்டம் போடவில்லை, யாரையும் இரவல் வாங்கவில்லை. இருக்கிற பிள்ளைகளை இருக்கிறபடியே உட்காரவைத்தார்கள். டாக்டர் ஒவ்வொரு வயிறாக அழுத்திப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. போன வருஷம் இங்கே பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையே என்றார். வாத்தியார் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். டாக்டர் வரிசையை மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"போன வருஷம் வயித்தைத் தொட்டதும் சிரிச்சானே ஒரு பையன், சட்டை பத்தாம? அவன் எங்கே?"

மாமன்தான் முன்னால் வந்தார்.

"அவன் செத்துப்போயிட்டானுங்க."

"என்னது? அந்தப் பையனா?"

"ஆமாங்க. காய்ச்சலுங்க. ஐப்பசியிலங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சிரிப்பாணிப் பையனை முந்தின வாரம்தான் பார்த்திருந்தேன். மேட்டில் மாடு மேய்த்துக்கொண்டு, இன்னும் ஒரு சுற்றுப் பெருத்து, நன்றாகத்தான் இருந்தான். மாமன் எதற்கு இப்படிச் சொல்கிறார் என்று நினைத்து, "இல்லீங்க, அவன்" என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கை என் வாயை மூடியது.

அப்படிப்பட்ட உடம்பையே ஒரே மழைக்காலத்தில் கொண்டுபோய்விட்டது என்றால் இந்த ஊர்க் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று டாக்டர் கம்பவுண்டரிடம் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, தொட்டில் குழந்தை வரைக்கும் எல்லோருக்கும் கொயினா அனுப்ப ஏற்பாடு செய்தார். நான் பிழைத்துக் கிடந்து இதையெல்லாம் எழுதுவது அந்தக் கொயினாவினால்தான்.

ஆனால் பெட்டி காரவள்ளி அடிவாரம் வரைக்கும்தான் வரும். அதற்குமேல் தூக்கிவரக் கூலியாள் அகப்படவில்லை. எங்கள் ஊருக்கு வந்தவன் காய்ச்சலோடுதான் திரும்புவான் என்று பேர் ஆகியிருந்தது. மாமன் மிளகு வியாபாரத்தை விட்டார். மாதாமாதம் இறங்கிப்போய் அந்தத் தகரப் பெட்டியைத் தலையில் வைத்து ஏறிவந்தார். மழையென்றும் பார்க்கவில்லை, தனக்கே காய்ச்சல் கண்டிருந்த நாளிலும் நிற்கவில்லை. ஒருவரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. பெட்டியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வராமலே போய்விடுவார். அம்மா வாசலில் நின்று பார்ப்பாள். கூப்பிட மாட்டாள்.

பெட்டியின் மேல் ராஜா தலை போட்ட முத்திரை ஒன்று இருந்தது. அதைத் தலையில் சுமந்து வருகிறவர் சர்க்கார் ஆளாகத்தானே இருக்க வேண்டும்? எங்கள் மாமனுக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்துவிட்டது, அதனால்தான் எங்கள் வீட்டுக்கு வர நேரமில்லை என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.