முப்பது சிங்களச் சொற்கள்

நான்காம் தரத்தில் எனக்கு முப்பது சிங்களச் சொற்கள் தெரியும். அந்தத் திமிரும் நிறையவே இருந்தது. தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றுபோல ஒலிக்கும் சொற்களை எழுதிவரச் சொல்லியிருந்தார் யாழ்ப்பாணத்து டீச்சர். மேசை, அலுமாரி, காலில் போடும் சப்பாத்தெல்லாம் போர்த்துக்கீசர் கப்பலில் கொண்டுவந்து இரண்டு பக்கமும் இறக்கிவிட்டுப் போனவையாம். பட்டியலில் இருந்த 'அம்மா' என்ற சொல் மட்டும்? "அது ஆர் ஆரிட்டை வாங்கினது எண்டு சொல்லேலாது பிள்ளை. வாய் திறந்தா எந்தக் குழந்தைக்கும் முதல் வாற சத்தம்" என்றார்.

பட்டியலை அப்பாவுக்குத் தினமும் வாசித்துக் காட்டுவேன். தேயிலைத் தோட்டத்து லொறியைக் கினிகத்தேனை டவுனுக்கு ஓட்டிப்போய் வருகிற அப்பா, "அப்படியா? எனக்குத் தெரியாதே!" என்று வாய் பிளப்பார்.

அந்த வாரம்தான் கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைந்தது. கொழுந்து பறித்த பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு தப்பினார்கள். அம்மா தன் படங்கை ஒரு கர்ப்பிணிக்குப் போர்த்திவிட்டுக் குளவிகளிடம் மாட்டிக்கொண்டாள்.

பள்ளிக்கூடச் சட்டையோடு அப்பாவுடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக் கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்த நர்ஸ் மிஸ்ஸி அப்பாவைப் பார்த்துச் சிங்களத்தில், "அம்மட்ட டிக்கக் அமாருய்" என்றார்.

முதல் சொல் புரிந்தது. மிச்சம் என் பட்டியலில் இல்லை. முப்பது சொல் தெரிந்தவள், தெரியாது என்று எப்படிச் சொல்வது? அப்பா வாய் திறக்கும் முன் முந்திக்கொண்டேன்.

"அம்மா நல்லா இருக்காங்களாம்ப்பா."

அப்பா என்னையே பார்த்தார். "அப்படியா பாப்பா? சந்தோஷம்" என்று தலையைத் தடவினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாக, "அம்மா..." என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவை அவர் 'புள்ள' என்றுதான் கூப்பிடுவார்.

பொய் சொல்லிவிட்டோமே, அது உண்மையாகிவிட வேண்டுமே என்று, மேசை, அலுமாரி, சப்பாத்து என்று முப்பதையும் மந்திரம் போல மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் அம்மா கண் திறந்தாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று லயத்து வீடுகள் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அப்பாவும் ஆமாம் போட்டார்.

பின்னாளில் சிங்களம் ஒழுங்காகப் படித்தபோதுதான், அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமை என்று மிஸ்ஸி சொன்னது விளங்கியது. கினிகத்தேனைக் கடைக்காரர்களோடு வருடக்கணக்காகச் சிங்களத்தில் சண்டை பிடித்த அப்பாவுக்கு அது அந்த நிமிஷமே விளங்கியிருக்கும். அதனால்தான் சுவர்ப் பக்கம் திரும்பி 'அம்மா' என்றிருக்கிறார். வாய் திறந்தால் முதலில் வரும் சத்தம் என்று டீச்சர் சொன்னது குழந்தைகளைப் பற்றி மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன்.