கடை நிற்காது

"ஆன்ட்டி, அந்த மஞ்சக் கட்டத்துல என்ன எழுதியிருக்கு, படிங்க பாப்போம்."

லாவண்யா சோபாவுக்குப் பின்னால் நிற்கிறாள். வேளச்சேரியில் தோழி ஷ்ரேயாவின் வீடு. வந்தவளுக்குக் கொடுத்த காப்பி டீப்பாயில் ஆறிக்கொண்டிருக்கிறது. ஷ்ரேயாவின் அம்மா கண்ணைச் சுருக்கி டிவியைப் பார்த்துவிட்டு, "எறும்பு வரிசையா போற மாதிரி இருக்கும்மா, எழுத்தா அது?" என்கிறார். லாவண்யாவுக்கு அப்படியொரு சந்தோஷம். போனில் 'வேளச்சேரி, எறும்பு' என்று குறித்துக்கொண்ட பிறகுதான் காப்பியை எடுக்கிறாள்.

அவள் வீடியோ கேம் செய்கிறவள். கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த தன் ஆட்டத்தை இப்போது டிவியில் மாட்டி விளையாடும் கன்சோலுக்குக் கொண்டுபோகிறாள். கம்ப்யூட்டர் முன்னால் மூக்கு முட்ட உட்காருவோம். டிவி அப்படியா? சாய்ந்து, படுத்து, முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்ப்போம். எழுத்து பெரிதாக வேண்டும். சில டிவிகள் படத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். ஓரத்தில் நிற்கும் ஆளுக்குப் பாதி முகம்தான் மிஞ்சும். சில டிவிகளில் பட்டனை அழுத்தி அரை மூச்சு கழித்துத்தான் கை அசையும். "இது மாமனார் டிவி. நாம சொன்னா யோசிச்சுட்டுதான் பதில் சொல்லும்" என்பாள்.

எந்த டிவியும் இன்னொன்றைப் போல இல்லை என்பதால் ஊரில் இருக்கும் டிவிகளையெல்லாம் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டாள். லேப்டாப், கேபிள், கன்ட்ரோலர் எல்லாம் அப்பா கடைப் பெயர் போட்ட கட்டைப்பையில். கொட்டிவாக்கம் சித்தி புது டிவி வாங்கியபோது முதல் போன் இவளுக்குத்தான் வந்தது. பாண்டிபஜார் ஷோரூம் ஒன்றில் இவள் தலை தெரிந்ததுமே விற்பனை செய்கிற பையன்கள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். "இன்னா மேடம், இன்னிக்காவது எடுப்பீங்களா, இல்ல ஒயர சொருவிப் பாத்துட்டு கெளம்பிடுவீங்களா?" லாவண்யா அசரமாட்டாள். அந்தப் பெரிய டிவியின் பின்பக்கம் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது அவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆட்டத்தின் பெயர் 'எடுத்துப் போடு'. புடவைக்கடை விற்பனையாள்தான் அதில் நாயகி. வாடிக்கையாளர் வருவார், அலமாரியைக் காட்டி அதை எடுத்துப் போடு, இதை எடுத்துப் போடு என்பார். பிரித்துக் காட்ட வேண்டும். புடவையின் உடம்பு பிடித்தால் பார்டர் பிடிக்காது, பார்டர் பிடித்தால் முந்தி பிடிக்காது. அவர் எழுந்து போனதும் மேசையில் மலையாகக் கிடப்பதை மடித்து அலமாரியில் ஏற்றுவதற்குள் அடுத்தவர் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் ஆட்டம். சுடுவது, குத்துவது, குதிப்பது எதுவும் கிடையாது. ஆனால் ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது, சத்தியமாக.

இதை யோசிக்க அவள் எங்கும் போகவில்லை. அப்பா தனபாலன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் உஸ்மான் ரோடை ஒட்டிய சந்தில் புடவைக்கடை வைத்திருக்கிறார். மேற்கு மாம்பலத்து வீட்டிலிருந்து ரயில் பாலத்தைத் தாண்டினால் கடை. பள்ளி விட்டதும் அவள் வளர்ந்ததே புடவைக்கட்டுகளுக்கு நடுவில்தான்.

கம்ப்யூட்டரில் மவுஸால் மடிக்கும்போது அவளுக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. ஒற்றைக் கையால் புடவை மடிப்பது போல. கன்ட்ரோலர் கைக்கு வந்த அன்று அது தீர்ந்தது. அதில் கட்டைவிரலால் அசைக்கும் இடது குச்சி இடது கை, வலது குச்சி வலது கை. பின்னால் இருக்கும் இரண்டு விசைகளையும் அழுத்தினால் இரண்டு விரல்கள் முனையைப் பிடிக்கின்றன. பட்டுப்புடவையை இழுத்தால் கையில் லேசாக ஒரு அதிர்வு. மொடமொடப்பான காட்டனுக்கு விட்டுவிட்டு அதிரும். ஷிஃபானுக்கு ஒன்றுமே தெரியாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். "துணிய தொடாம எப்படி வாங்குவாங்க? டிவிக்குள்ள இருந்தாலும் தொடணும்ல" என்று கன்ட்ரோலரை யார் கையிலாவது திணிப்பாள். திணிக்கும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்கமாட்டாள். விரல்களைத்தான் பார்ப்பாள்.

நிரல் எழுதுவது கிரீஷ். கல்லூரித் தோழன். மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கம் அவன் வீட்டு மாடி அறைதான் அலுவலகம். கன்சோல் நிறுவனம் சோதனைக்கென்று கொடுத்த இயந்திரம் அங்கே இருக்கிறது. அறையை விட்டு வெளியே போகக் கூடாது, யாரும் படம் எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அதனால் ஆள் வந்தால் வேட்டியால் மூடிவிடுவார்கள். கிரீஷின் அம்மா ஒருநாள் சுண்டலோடு வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "நைவேத்யம் பண்றாப்ல திரை போட்டு வச்சிருக்கேளே, உள்ள எந்த ஸ்வாமிடா?"

"வரம் குடுத்தா சொல்றோம் மாமி" என்றாள் லாவண்யா.

வரம் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் ஆட்கள் ஆட்டத்தைச் சோதித்துச் சரி என்றால்தான் கன்சோலின் விற்பனைப் பக்கத்தில் அது ஏறும். தீபாவளிக்கு முந்தைய வாரம் வெளியீடு என்று நாள் வாங்கியிருந்தார்கள். அந்த நாள் தவறினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தீபாவளிக்குள் ஆட்டம் வெளியே வராவிட்டால் பெங்களூரில் வேலைக்குப் போய்விடுவதாக கிரீஷ் வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தான். அவன் போனால் ஆட்டம் அதோடு முடிந்தது. சோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் ஒன்றே ஒன்று. விளையாடும்போது கன்ட்ரோலரில் சார்ஜ் தீர்ந்தால் ஆட்டம் தானாக நிற்க வேண்டும். இவர்களுடையது நிற்கவில்லை.

மறதி இல்லை. நிறுத்தும் வசதியே வேண்டாம் என்று லாவண்யா முதல் நாளிலேயே சொல்லிவிட்டாள். உலகத்தில் எல்லா ஆட்டத்திலும் ஒரு பட்டனைத் தட்டினால் நிற்கும், இதில் நிற்காது. அதுதான் அவளுக்குப் பெருமை. போதாததற்கு, ஆட்டத்தின் கடிகாரமே அப்பா கடையில் பதிவுசெய்த இரைச்சல்தான்; யார் எப்போது வந்து உட்கார வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சத்தத்தின் ஓட்டத்தில்தான் கோத்திருந்தது. அந்தச் சத்தத்தை நடுவில் அறுத்து ஒட்டினால் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மேசைக்குப் பாய்ந்தார்கள்.

"எல்லாரும் போடற மாதிரி ஒரு மெனு போட்டுடலாம். நீ சும்மா அடம் பிடிச்சிண்டிருக்க" என்றான் கிரீஷ்.

"தீவாளி வாரம் கடையில நின்னுருக்கியா நீ? யார்ட்டயாவது கொஞ்சம் நிறுத்துங்கன்னு சொல்ல முடியுமா?"

"வெளாடறவனுக்கு பேட்டரி போனா அவன் என்ன பண்ணுவான், உங்கப்பாவுக்கு போன் போடுவானா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவன் கேட்டதில் தப்பில்லை என்று தெரிந்ததால் வந்த கோபம் அது.

மறுநாள் கடையில் ஆள் குறைவு என்று அப்பா கூப்பிட்டார். போய் நின்றாள். பக்கத்தில் பேச்சியம்மாள், அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே புடவை காட்டுகிறவர். ஒரு அம்மாளுக்கு மயில்கழுத்துக் கலர் பட்டைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு முனை அவர் கையில், முந்தி அந்த அம்மாள் கையில். கரண்ட் போனது.

ஏசி அடங்கியது. பாட்டு அறுந்தது. பேச்சுகூட நின்றுவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் புடவையைக் கீழே விடவும் இல்லை. வெளிச்சம் இல்லாமல் கலர் பார்க்க முடியாது, அதனால் பிடித்தது பிடித்தபடி, கேட்ட கேள்வி பாதியில் நிற்க, கடை முழுக்க அப்படியே இருந்தது. கல்லாவிலிருந்து தனபாலன் மொபைல் டார்ச்சை அடித்து, "இருங்கம்மா, ஜெனரேட்டர் போடுதாவ" என்றார். பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது, அந்த அம்மாள் விட்ட இடத்திலிருந்து பேரம் பேச ஆரம்பித்தார்.

லாவண்யாவுக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. பிறந்ததிலிருந்து இதைப் பார்க்கிறாள். கணக்கில் எடுத்ததே இல்லை. வாசலுக்கு ஓடி கிரீஷுக்குப் போன் செய்தாள்.

"நிக்கும்டா. கரண்ட் போனா நிக்கும்."

கடையில் நடந்ததை முழுக்கச் சொல்ல வைத்தான் கிரீஷ். பிறகு, டிவி இருட்டாகிவிட்டால் ஆட்டம் செத்துவிட்டது என்று நினைத்து மறுபடி திருப்பி அனுப்புவார்களே என்றான். டார்ச் இருக்கிறது என்றாள் அவள்.

அப்படித்தான் செய்தார்கள். சார்ஜ் தீர்ந்தால் திரையில் கடை இருண்டுவிடும். பிரித்த புடவை பிரித்தபடி நிற்கும். கல்லாப் பக்கமிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் வந்து சுவரில் விழும்; 'கன்ட்ரோலரை இணையுங்கள்' என்ற எழுத்து அதில் தெரியும், சோபாவிலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக. இணைத்ததும் ஜெனரேட்டர் உறுமும். அந்த உறுமலில் இரைச்சல் மறுபடி தொடங்குவதால் வாடிக்கையாளர்களும் பாயாமல் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். கிரீஷ் அதைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டுப் பார்த்தான். வேலைக்காக மட்டும் பார்க்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. மறுபடி அனுப்பினார்கள்.

முடிவு வந்தபோது லாவண்யா மாடி அறையில் இல்லை. பண்டிகைக் கூட்டம் தொடங்கிவிட்டது, அப்பா விடவில்லை. "ஏட்டி, டிவியப் பொறவு பாரு, இங்க ஆளு நிக்காவ" என்று மேசைக்கு இழுத்துவிட்டிருந்தார். ஒரு அக்காவும் அவர் நாத்தனாரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். வெங்காயக் கலரை விரித்துப் போட்டிருந்தாள். போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அவா ஓகே சொல்லிட்டா, லாவண்யா" என்றான் கிரீஷ். "தேதி மாறலை. நான் எங்கயும் போகலை."

"வேற காட்டும்மா, இது ரொம்ப டல்லா இருக்கு" என்றார் எதிரே இருந்த அக்கா.

"சரிடா" என்றுவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அலமாரியிலிருந்து ரெண்டு புடவையை எடுத்துப் போட்டாள். அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெங்காயக் கலரை மடிக்கத் தொடங்கினாள். முனை முனையோடு சேரவில்லை, பார்டர் ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடித்ததை மறுபடி முழுக்கப் பிரித்து, முதலிலிருந்து மடித்தாள்.